பத்தேகால் மரண அறிவித்தல்

நிர்மலன் தன் மச்சான் யோகராஜாவைக் கொன்றது ஒரு புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு. கையில் இருந்த ஆயுதம் ஒரு மட்டன் ரோல்.

கொலை நடந்த இடம் லண்டனில் டூட்டிங். அப்பர் டூட்டிங் ரோட்டில் கஸ்பரின் பலசரக்குக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஒன்றில் மைக்கும் கொம்பியூட்டரும். மற்றதில் கேத்தலும், மழைக்கு ஒழுகும் ஒரு யன்னலும். இதுதான் மணியோசை வானொலி. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். அதனால் நேயர்களுக்குக் குரல் துப்புரவாகக் கேட்கும், அறிவிப்பாளருக்கு நித்திரை வரும்.

கஸ்பர் காலமை மேலே அனுப்பிவிடும் ரோல் சூடானது, எண்ணெய் வடிவது. நிர்மலன் ஒரு கையால் தின்று மறுகையால் வேலை பார்க்கிற மனிதர் இல்லை. இரண்டுக்கும் வலது கைதான். அன்றைக்கு வெம்பிளியில் முதல்நாள் பின்னேரம் கண்மூடிய நகுலேஸ்வரி அம்மாளின் அறிவித்தலைப் போடவேண்டும். விரல் மவுஸில் வழுக்கியது. அம்புக்குறி ஒரு வரி கீழே இறங்கியது. அவர் பார்க்காமலே அமத்தினார். புல்லாங்குழல் தொடங்கியது. அவர் தேத்தண்ணி ஊற்ற அடுத்த அறைக்குப் போனார். துக்கக் குரலில் தான் பேசுவதை அவராலேயே கேட்கமுடியாது. இருபது வருசமாக மரண அறிவித்தல் நேரந்தான் அவருக்குத் தேத்தண்ணி நேரம்.

கோப்பையோடு திரும்பி வந்தபோது ஒலிபெருக்கியில் அவருடைய குரல் தழுதழுத்துக்கொண்டிருந்தது.

“...ஜெயகௌரியின் அன்புக் கணவரும், கலாவதியின் பாசமிகு அண்ணனும், நிர்மலனின்...”

தேத்தண்ணி காலில் கொட்டுண்டது.

கலாவதி நிர்மலனின் மனைவி. அவளுக்கு இருப்பது ஒரேயொரு அண்ணன். அந்த அண்ணன் பிளேஸ்டோவில் நல்ல உயிரோடு இருந்தார். உயிரோடு இருந்தது மட்டுமில்லை, பனித்துளி வானொலி என்று ஒன்றை நடத்தி, மணியோசையின் நேயர்களைப் பதினொரு வருசமாகப் பறித்துக்கொண்டும் இருந்தார். குறைந்தபட்சம் நிர்மலன் ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

உயிரோடு இருக்கிற மனுசனின் மரண அறிவித்தல் கொம்பியூட்டருக்குள் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அதுதான் நிர்மலனின் தொழில் இரகசியம்.

பாட்டை எந்த வானொலியும் போடும். செய்தியை எந்த வானொலியும் வாசிக்கும். லண்டன் தமிழ்ச் சனம் எந்த வானொலியைத் திருப்பும் என்பதைத் தீர்மானிப்பது மரண அறிவித்தல். ஆர், எந்த ஊர், ஆற்றை ஆள், கிரியை எந்த மண்டபம், எத்தினை மணிக்கு. இதை முதலில் சொல்கிறவன் வென்றான், பத்து நிமிசம் பிந்தினவன் தோற்றான். ஒரு குடும்பத்தின் உறவுமுறையை எடுத்து ஒழுங்குபடுத்துவதற்கு அரைநாள் போய்விடும். பிறப்பிடம், வசிப்பிடம், மாமன்மாரின் பெயர், கனடா, ஜேர்மனி, நோர்வே என்று சிதறிக் கிடக்கும் பெறாமக்கள். ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் கிளையே பனித்துளிக்கு மாறிவிடும். ஆகவே கடுமையான வருத்தத்தில் கிடக்கிறவர்களின் அறிவித்தலை நிர்மலன் முன்கூட்டியே விசாரித்து, எழுதி, புல்லாங்குழலும் சேர்த்துப் பதிந்து வைத்துவிடுவார். யாரும் திறந்து பார்க்காமலிருக்க அந்தக் கோப்புக்கு ‘சமையல் குறிப்புகள்’ என்று பெயர் வைத்திருந்தார். அதற்குள் ஏழு பேர் இருந்தார்கள். நகுலேஸ்வரி அம்மாளுக்கு நேரே கீழே யோகராஜா.

தை மாதம் யோகராஜாவுக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் நடந்தது. நிர்மலன் ஆசுப்பத்திரிக்குப் போகவில்லை. கலாவதியிடம் அரைச்சீப்பு கதலி வாழைப்பழம் குடுத்துவிட்டதோடு சரி. ஆனால் அன்று மத்தியானம் தனியே இருந்து அந்த அறிவித்தலைப் பதிந்தார். அழுகை நடிக்கவேண்டியிருக்கவில்லை. யோகராஜா பிழைத்து எழும்பி வீட்டுக்குப் போனபிறகு அதை அழித்திருக்கவேண்டும். மனம் வரவில்லை. அவ்வளவு நல்லாய் வந்திருந்தது.

இப்போது என்ன செய்வது? உடனே மைக்கைத் திறந்து, தவறுக்கு வருந்துகிறோம் என்று சொல்லலாம். ஆனால் கவனிக்காதவர்களும் கவனித்துவிடுவார்களே. முதலில் எத்தினை பேர் எடுக்கினம் என்று பார்ப்போம் என்று நினைத்து ஒரு பழைய பாட்டைப் போட்டுவிட்டு, தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு நகுலேஸ்வரி அம்மாளை நேரடியாக வாசித்தார். இன்னொரு பாட்டு. இன்னொரு பாட்டு.

பத்தரைக்குத் தொலைபேசி அடித்துவிடுமோ என்று நடுங்கினார். பதினொரு மணிக்கு அது அடிக்கவில்லையே என்று நடுங்கத் தொடங்கினார்.

நடுக்கத்துக்குக் காரணம் இருந்தது. திங்கட்கிழமை கோபாலன் வந்துவிட்டுப் போயிருந்தார். கோபாலன் மலேசியாக்காரர், படிக்க வந்து, எஞ்சினியராகி, ஓய்வும் பெற்றவர். ஆர்ச்வே முருகன் கோயிலில் அன்னதானத்துக்கு இலை போட்டுக்கொண்டிருந்த இடத்தில் நிர்மலனின் பேச்சில் மயங்கி, வானொலியின் செலவைப் பொறுப்பெடுத்தவர். அன்றைக்கு மெத்தையில் சாய்ந்து நின்றபடி கேட்டார்.

“நிர்மலன், ஒன்னு கேக்குறேன், நேரா சொல்லுங்க. நம்ம ரேடியோவ யாராச்சும் கேக்குறாங்களா?”

“என்ன ஐயா இப்பிடிக் கேக்கிறீங்கள்? ஆயிரக்கணக்கில கேக்கினம்.”

“ஆயிரம் வேணாம். ஒரே ஒரு ஆளு. பேரு சொல்லுங்க.”

“பேர் எண்டால்... கனபேர் ஐயா.”

“ஒரு பேரு போதும்லா. நெஜமா கேக்குற ஆளா இருக்கணும். உங்க வீட்டுக்காரம்மாவா இருந்தாலும் சரி. வெள்ளிக்குள்ள சொன்னீங்கன்னா நான் நடத்துறேன். இல்லன்னா மூடிருவோம். எனக்கும் வயசாச்சு.”

ஒரு பெயர். அது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நிர்மலன் நினைக்கவில்லை. வீட்டுக்காரம்மா என்பது அதைவிடக் கஷ்டம். மச்சானோடு பிரிந்த நாள் முதலாய் அவர் கலாவதியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், நீர் எந்த றேடியோ கேக்கிறனீர் என்று. புருசனுடையதா, அண்ணனுடையதா? பதினொரு வருசமாக அவள் சொன்ன மறுமொழி ஒன்றே ஒன்று: “எனக்கு வேலை இருக்கு.”

இன்றைக்கு மறுமொழி தானாக வந்துவிட்டது போலிருந்தது. அவள் மணியோசை கேட்டிருந்தால், அண்ணன் செத்துவிட்டான் என்று அலறியடித்து எடுத்திருக்கமாட்டாளா? எடுக்கவில்லை. அப்படியென்றால் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு கீழே இறங்கினார். கஸ்பர் பாசையூர் ஆள். விளைமீனுக்குச் செதில் உரித்துக்கொண்டு நின்றார். முன்னால் ஒரு அக்கா கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றா.

“கஸ்பர், காலமை கேட்டனியோ?”

“கேளாமல் அண்ணை? விடிஞ்சால் உங்கட குரல்தானே.”

“எப்பிடி இருந்தது?”

“விசேசம்.”

“மரண அறிவித்தல் கேட்டனியோ?”

கஸ்பர் கத்தியை நிறுத்தி, முகத்தைக் கொஞ்சம் கவலையாக்கினார். “பாவம் அண்ணை.”

“ஆர் பாவம்?”

“ஆரெண்டாலும் பாவம்தானே.”

கத்தரிக்காய் அக்கா திரும்பினா. “நீங்களோ தம்பி மணியோசை நிர்மலன்? உங்கட குரல் கேளாட்டி எனக்குத் தேத்தண்ணி இறங்காது.”

“அப்ப இண்டைக்கு என்னக்கா கேட்டனீங்கள்?”

“அந்தப் பாட்டுத்தான்.”

“எந்தப் பாட்டு?”

“அந்தப் பழைய பாட்டு. சோக்கான பாட்டு.” நிர்மலன் முப்பது வருசமாகப் பழைய பாட்டைத் தவிர வேறொன்றும் போட்டதில்லை. அக்காவுக்குத் தோல்வியே வராது. “தம்பி, உந்தக் கத்தரிக்காய் முத்தலோ, பிஞ்சோ? பாத்துச் சொல்லும்.”

நேராகக் கேட்டுவிடலாம், யோகராஜா செத்ததைக் கேட்டனீங்களோ என்று. ஆனால் கேட்டால் அந்த மனுசனை இன்னொருக்கால் கொல்லவேண்டி வரும். ஒரு நாளைக்கு ஒரு தரம் போதும்.

கஸ்பரின் மேசைக்குப் பின்னால் தொலைபேசியில் ஏதோ சமையல் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே தட்டில் நிர்மலனே ஏழு வருசத்துக்கு முதல் வாங்கிக் குடுத்த வானொலிப் பெட்டி, மிளகாய்த்தூள் பைகளுக்குப் பின்னால், பிளக் கழற்றின நிலையில் இருந்தது. நிர்மலன் அதைப் பார்க்காத மாதிரி வெளியே வந்தார். கஸ்பருக்கு வெட்கமாகிவிடக்கூடாதே.

நோர்தேன் லைனில் ஏறி, பாங்க்கில் இறங்கி, டிஸ்றிக்ட் லைனுக்கு நடந்து மாறி, பிளேஸ்டோவிலேயே இருந்த தன் வீட்டுக்குப் போகிற ஒரு மணித்தியாலமும் ரயில் பெட்டிக்குள் எல்லாருடைய காதிலும் ஏதோ செருகியிருந்தது. ஒவ்வொரு தமிழ் முகமாய்ப் பார்த்தார். என்ன கேட்கிறார்களோ.

தொண்ணூற்றெட்டில் இப்படியா? அப்போது மணியோசையில் யோகராஜாவும் அவரும் ஒரே மைக். ஒருவர் பேசும்போது மற்றவர் தும்மலை அடக்கவேண்டும். பெற்றோல் ஸ்டேசன் கண்ணாடிக் கூட்டுக்குள் நின்றவர்களும், ரெஸ்ரோறன்ற்றில் கோப்பை கழுவினவர்களும், வீட்டில் பிள்ளையோடு தனிச்சுக் கிடந்த பெண்களும் எடுப்பார்கள். தொலைபேசிக்கு வாய் இருந்தால் போதும் போதும் என்று கத்தியிருக்கும். பிறந்தநாள் வாழ்த்து ஒன்றுக்கு இருபத்தாறு மாமாமார். ஒருநாள் ஒரு பெண் எடுத்து, “அண்ணை, இவர் வேலையில நிக்கிறார், வரேக்க இஞ்சி வாங்க மறக்கவேண்டாம் எண்டு ஒருக்கால் சொல்லிவிடுங்கோ” என்றாள். யோகராஜா மிகுந்த மரியாதையோடு அதைச் சொன்னார். பெற்றோல் அடிக்க வந்த மூன்று தமிழ் ஆட்கள் தனித்தனியாக அந்த மனுசனிடம் இஞ்சியை ஞாபகப்படுத்தினார்கள். நாலாவது ஆள் இஞ்சியையே வாங்கிக்கொண்டு வந்து குடுத்துவிட்டுப் போனார்.

அந்த வானொலியில் இருந்துதான் கலாவதி வந்தாள். யோகராஜாவின் தங்கச்சி. நேயர் கடிதங்களைப் பிரித்து அடுக்க வந்தவள். கலியாணவீட்டில் யோகராஜாவே மைக்கைப் பிடித்து நேர்முக வர்ணனை சொன்னார்.

பிறகு காலை நிகழ்ச்சி ஆருக்கு என்று ஒரு சண்டை. இரண்டு பேருக்கும் காலமைதான் வேணும். பின்னேரத்தை ஒருவர் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. யோகராஜா கசெற் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளேஸ்டோவுக்குப் போய்ப் பனித்துளியைத் தொடங்கினார். வேடிக்கை என்னவென்றால், அங்கே காலமைக்கு வேறு ஆள் பிடித்துவைத்து, கடைசியில் பின்னேரம்தான் செய்தார். அதற்கிடையில் வாட்ஸ்அப் வந்துவிட்டது. ஆள் கண்மூட முதலே செய்தி கனடாவுக்குப் போய்த் திரும்பி வந்துவிடும். இரண்டு மச்சான்மாரும் வெறும் வளவுக்கு வேலி போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் புட்டு அவியும் வாசம். கலாவதி முதியோர் இல்லமொன்றில் சமையலறை வேலை. காலை ஷிப்ட் முடித்து வந்து, உடுப்பும் மாற்றாமல் அடுப்படியில் நின்றாள்.

“இண்டைக்கு வேலை எப்பிடி?” நிர்மலன் சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டார்.

“வேலைமாதிரித்தான்.”

“ஒருதரும் உமக்குப் போன் எடுக்கேல்லையோ?”

“ஆர் எனக்குப் போன் எடுக்கிறது?”

“இல்லை... சும்மா. காலமை றேடியோ ஏதும்...”

“குரக்கன் புட்டு. அண்ணைக்கு. டொக்டர் சோறைக் குறைக்கச் சொன்னவர்.” அவள் புட்டைப் பெட்டியில் கொட்டி, கத்தரிக்காய்ப் பால்கறியை இன்னொன்றில் ஊற்றி, மூடியை இறுக்கினாள். இறுக்கின விதம் நிர்மலனுக்குப் பிடிக்கவில்லை. “சப்பாத்தைக் கழட்டாதேங்கோ. நீங்களும் வாறீங்கள்.”

“நானோ? எங்க?”

“அண்ணை வீட்டை.”

“நான் அங்க போய்ப் பதினொரு வருசம் கலா.”

“தெரியும். பாதை மாறேல்லை.”

நடந்தால் கால் மணித்தியாலம். மாசி மழை குடை பிடித்தால் நிற்கும், குடையை மடக்கினால் பெய்யும். பையைத் தூக்கிக்கொண்டு நடந்த நிர்மலனுக்கு உள்ளங்கையில் புட்டின் சூடு. இப்போதே சொல்லிவிடவேண்டும். மச்சான் வீட்டு வாசலில் ஆரும் மலர்வளையத்தோடு நிற்க முதல் சொல்லிவிடவேண்டும்.

“கலா, ஒண்டு சொல்லுவன், கோவிக்கப்படாது.”

“கோவிக்கிற விசயமெண்டால் கோவிப்பன்.”

“காலமை ஒரு சின்னப் பிழை நடந்திட்டுது. ரெக்னிக்கல்.”

“றோட்டைப் பாத்து நடவுங்கோ.”

கதவைத் திறந்தது யோகராஜாவேதான். கம்பளிச் சட்டைக்கு மேலே சால்வை, முன்னைக்குப் பாதி உடம்பு. ஆனால் குரல் அப்படியே இருந்தது, அந்தக் கசெற் காலத்துக் குரல்.

“வாங்கோ, வாங்கோ. ஜெயகௌரி வேலைக்குப் போட்டாள். நான்தான் தனிய. என்னால ஓடியாடி உபசரிக்க ஏலாது, குறைநினைக்காதேங்கோ. காலஞ்சென்றவன் எல்லே.”

நிர்மலன் புட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “மச்சான்... நீ...”

“இறைவனடி சேர்ந்திட்டன். பத்தேகாலுக்கு. இரு, இரு. பாயாசம் எல்லாம் எதிர்பாராத. செத்தவீடு.”

“கேட்டனியோ?”

“முழுக்கக் கேட்டனான். மூண்டு நிமிசம் இருபது செக்கன். புல்லாங்குழல் கொஞ்சம் கூடிப்போச்சு.” யோகராஜா கதிரையில் மெதுவாக அமர்ந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். “ஆனால் வயசென்னடா? அறுபத்தாறு எண்டு நாலு வயசு கூட்டி வாசிச்சிருக்கிறாய். நானும் நீயும் ஒரு வகுப்பு. எனக்கு அறுபத்தாறு எண்டால் உனக்கென்ன முப்பதோ?”

“அவசரத்தில பதிஞ்சது மச்சான்.”

“எப்ப பதிஞ்சனி?”

நிர்மலன் தலையைக் குனிந்தார். “ஒப்பரேசன் அண்டு.”

யோகராஜா சால்வையை இழுத்து நெஞ்சை மூடினார். வெளியே பஸ் ஒன்று தண்ணியை அடித்துக்கொண்டு போனது.

“உறவுமுறையில ஒரு பிழை விட்டிருக்கிறாய்,” என்றார் கடைசியில். “‘நிர்மலனின் கூட்டாளியும் ஆவார்’ எண்டு வாசிச்சாய். மைத்துனர் எண்டெல்லோ வரவேணும். மரண அறிவித்தலில கூட்டாளி எண்டு ஆரடா போடுறது? எங்க படிச்சனி தொழில்?”

“உன்னட்டத்தான்.”

“பின்ன ஏன்ரா ஆசுப்பத்திரிக்கு வரேல்லை?”

“வாழைப்பழம் குடுத்துவிட்டனான்.”

“காய் அது. ஆறு நாள் வைச்சுப் பழுக்கப்பண்ணித் திண்டனான்.”

கலாவதி அடுப்படியில் கோப்பை தேடும் சத்தம் கேட்டது. நிர்மலனுக்கு ஒரு புது யோசனை மின்னியது. “அப்ப மச்சான், நீ காலமையில மணியோசைதான் கேக்கிறனி!”

“சீ! எதிராளி என்ன செய்யிறான் எண்டு பாக்கிறது. தொழிலுக்காண்டி. நீ பின்னேரத்தில என்ர பனித்துளி கேக்கிறேல்லையோ?”

“தொழிலுக்காண்டி,” என்றார் நிர்மலன்.

“அதுதானே. எனக்கு நேயர் குறைவில்லை. மூவாயிரம் வீடு.”

“எனக்கு நாலாயிரம்.”

“நாலாயிரம் பேரில ஒராள்கூட எனக்கு மலர்வளையம் அனுப்பேல்லையே? காலமை தொடக்கம் வாசலைப் பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறன்.”

“உன்ர மூவாயிரம் பேருக்கும் பக்கத்து வீட்டில ஆருமே மணியோசை கேக்கிறேல்லையோ? ஒராளாவது உன்னட்டைச் சொல்லியிருக்கவேணுமே?”

இரண்டு பேரும் மைக் இல்லாமல் பேசிக்கொண்டதில் கொஞ்சம் மூச்சு வாங்கினார்கள்.

கலாவதி புட்டும் கறியும் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். நிர்மலன் அவளிடம் திரும்பினார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள்.

“கலா, கோபாலன் ஐயா ஒரு கேள்வி கேட்டவர். மணியோசையை ஆரும் கேக்கினமோ எண்டு. நிச்சயமாக் கேக்கிற ஒராளின்ர பேர் வேணுமாம். இல்லாட்டி மூடுறாராம். ஊரெல்லாம் கேட்டுப்போட்டன். எல்லாரும் ஓம் ஓம் எண்டினம். ஒருதரும் உண்மை சொல்லினமில்லை. நீராவது சொல்லும். ஆரும் கேக்கினமோ?”

வழமைபோல வேலை இருக்கு என்று சொல்ல அவளுக்கு அங்கே வேலை ஒன்றும் இருக்கவில்லை. புட்டுப் பரிமாறியாயிற்று. கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

“ஒருதரும் கேக்கேல்லை,” என்றாள். “உங்கடையையும் கேக்கேல்லை, அண்ணைன்ரையையும் கேக்கேல்லை. நான்தான் கேக்கிறன். காலமை வேலையில, காதில மாட்டிக்கொண்டு, உங்கட. பின்னேரம் சமைக்கேக்க அண்ணைன்ர. பதினொரு வருசமா. நீங்கள் ரெண்டுபேரும் கதைக்காட்டி, ஒரே நாளில ரெண்டு பேற்ற குரலையும் நான் வேறெங்க கேக்கிறது?”

“அப்ப காலமை...” நிர்மலன் கோப்பையைத் தள்ளிவைத்தார். “நீர் கேட்டனீரோ?”

“கேட்டனான். வெங்காயம் உரிச்சுக்கொண்டு நிண்டனான், கத்தியைப் போட்டிட்டு முற்றத்துக்கு ஓடினனான். ரெண்டுதரம் நம்பர் பிழைச்சது. மூண்டாந்தரம் அண்ணைதான் எடுத்தவர். எடுத்து, ‘சத்தம் போடாத, இப்பதான் உறவுமுறை வாசிக்கிறான், முடியட்டும்’ எண்டார்.” அவள் அண்ணனின் கோப்பையில் பால்கறியை ஊற்றினாள். “மழைக்குள்ள நிண்டு அழுதனான், சிரிச்சனான். பிறகு வந்து மிச்ச வெங்காயத்தை உரிச்சனான்.”

யோகராஜா புட்டைப் பிசைவதை நிறுத்தியிருந்தார். நிர்மலன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், ரோல் எண்ணெய் இன்னும் போகாத கைகள்.

“கோபாலன் ஐயா கேட்டால் ஒராள் எண்டு சொல்லுங்கோ,” என்றாள் கலாவதி. “பேரும் சொல்லுங்கோ.”